மோரிஸ் மைனர் டைனமோ போச்சு, அம்பாசிடர் டைனமோவை மாட்டலாமா?

கோவை மைனர்:

எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட இருக்கறது 1954 மோரிஸ் மைனர் சீரீஸ் டூ, 803 சிசி, தாத்தா வாங்கின வண்டி, நாலு வருஷம் ஷெட்ல கிடந்ததை போன தீபாவளிக்குத்தான் எறக்கி ரோட்டுல விட்டேன். போன வாரம் நைட்டு மேட்டுப்பாளையத்துல இருந்து திரும்பி வர்றப்போ காரமடை தாண்டினதும் டேஷ்போர்டுல சிவப்பு லைட் லேசா எரிய ஆரம்பிச்சுது, ஆக்சிலேட்டர் குடுத்தாலும் அணையல, அப்புறம் ஹெட்லைட் மஞ்சளாகி வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள ஹாரன் கூட முனகுற மாதிரி ஆயிருச்சு. எங்க மெக்கானிக் பாத்துட்டு வண்டி ஓடுறப்ப கரண்டு குடுத்து பேட்டரியை சார்ஜ் பண்ற டைனமோ போயிருச்சு, இதுக்கு இப்ப பார்ட்ஸ் கிடைக்காது, அம்பாசிடரும் மோரிஸ் குடும்பம்தானே அதோடது அப்படியே உக்காரும்னு சொன்னாரு. உக்கடத்துல தேடி 1800 ரூபாய்க்கு ஒண்ணு வாங்கிட்டும் வந்துட்டேன்.

இப்ப ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா சந்தேகமா இருக்குங்க. என்னோடதுல சி39பிவி2ன்னு குத்தியிருக்கு, வாங்கினதுல சி40ன்னு இருக்கு. என்னோடதுல ரெண்டு கம்பியும் திருகுல மாட்டுற மாதிரி, இதுல தட்டை டெர்மினல், ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு. புல்லியும் வேற மாதிரி தெரியுது. இன்னொண்ணு, கடைக்காரர் இது நெகட்டிவ் எர்த் அம்பாசிடர்ல இருந்து கழட்டினதுன்னு சொன்னாரு, என் வண்டி பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பிளஸ் முனை வண்டி பாடியில சேர்ந்திருக்கு. மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணினா ஏதாவது எரிஞ்சுருமா? டைனமோ சார்ஜைக் கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் பழைய ஆர்பி106 தான், அதையும் மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், பொங்கலுக்கு அம்மாவை கூட்டிட்டு பேரூர் கோயிலுக்கு இந்த வண்டியில போகணும்னு நினைச்சிருக்கேன்.

ஓஎம்ஆர் ரைடர்:

ப்ரோ பழைய டைனமோவோட மல்லுக்கட்டாதீங்க, பேசாம ஒரு சின்ன மாருதி ஆல்டர்னேட்டர் போட்டுருங்க. ஐடில்லயே சார்ஜ் ஏறும். என் ஃப்ரெண்டு ஃபியட்ல அப்படித்தான் பண்ணியிருக்கான், நல்லா ஓடுது.

ஆர்மேச்சர் அண்ணாச்சி:

தம்பி கோவை மைனர், இன்னும் மாட்டலைன்னா அப்படியே நிறுத்துங்க, கொஞ்சம் பொறுமையா சொல்லுதேன். நான் திருநெல்வேலியில 40 வருஷத்துக்கு மேல ஆட்டோ எலெக்ட்ரிக் வேலை பாக்கேன், இந்த லூகாஸ் கம்பெனி டைனமோ எத்தனை கழட்டி மாட்டியிருப்பேன்னு கணக்கே கிடையாது. ஆல்டர்னேட்டர் போடச் சொன்ன தம்பிக்கு முதல்ல ஒரு வார்த்தை, ஃபியட் நெகட்டிவ் எர்த், அதனால பிரச்சினை இல்ல, ஆனா பாசிட்டிவ் எர்த் வண்டியில ஆல்டர்னேட்டரை அப்படியே கொடுத்தா உள்ள இருக்கிற டயோடு அந்த நிமிஷமே போயிரும், வண்டி பூராவும் போலாரிட்டி, அதான் பிளஸ் மைனஸ், மாத்தணும், சிவப்பு லைட் வயரிங் மாத்தணும், பிராக்கெட் புதுசா அடிக்கணும். தாத்தா வண்டிக்கு அது வேண்டாம்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். அம்பாசிடர், மோரிஸ்னு வண்டி பேரை வெச்சு டைனமோ மாத்தக் கூடாது. யோக்ல, அதாவது அந்த இரும்பு உருளையில குத்தியிருக்கிற நம்பர்தான் எல்லாத்தையும் சொல்லும். சி39னா உருளையோட விட்டம் 3.9 இன்ச், சி40னா 4 இன்ச், சி42, சி45 எல்லாம் இதே கணக்குதான். உங்க சி39பிவி2 அதிகபட்சம் 19 ஆம்ப் கொடுக்கும், சி40 சாதாரண மாடல் 22 ஆம்ப், சி40எல்னா 25, சி42னா 30. இந்தக் கரண்டு கணக்கை ரெகுலேட்டரும் தெரிஞ்சிருக்கணும், அதனாலதான் டைனமோவும் ரெகுலேட்டரும் புருஷன் பொண்டாட்டி மாதிரி ஜோடியா பாக்கணும்னு எங்க மேஸ்திரி சொல்லுவாரு. சி40 சாதாரண மாடலுக்கு ஆர்பி106 சரியான ஜோடிதான், ஆர்பி106ல 2ங்கிற வகை 22 ஆம்புக்கே செஞ்சது, அதனால நீங்க வாங்கினது வெறும் சி40தானா, பக்கத்துல எல்னு எழுத்து இருக்கான்னு துடைச்சுட்டு பாருங்க. சி42ஐ மட்டும் ஆர்பி106ல கொடுத்துராதீங்க, அதுக்கு மூணு காயில் இருக்கிற ஆர்பி340 வேணும்.

ஆனா அதுக்கும் முன்னாடி நீங்க செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. பழைய டைனமோ நிஜமாவே செத்துப்போச்சான்னு யாராவது பாத்தாங்களா? டைனமோல இருந்து டி (கரண்டு வெளிய வர்றது), எஃப் (ஃபீல்டு காயிலுக்குப் போறது) ரெண்டு கம்பியையும் கழட்டிட்டு அந்த ரெண்டு டெர்மினலையும் ஒரு துண்டு கம்பியால சேர்த்துக் கட்டுங்க, வோல்ட் மீட்டரோட ஒரு முனை அதுல, இன்னொரு முனை டைனமோ பாடியில. ஸ்டார்ட் பண்ணி மெதுவா ரேஸ் ஏத்துங்க, சுமாரா 1000 ஆர்பிஎம் வரைக்கும் போதும், முள்ளு குதிக்காம சர்ருனு ஏறணும், 20 வோல்ட் தொடுறதுக்கு விடாதீங்க. முள்ளு அசையவே இல்லைன்னா உள்ள உரசி கரண்டு எடுக்கிற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும் இல்ல சிக்கியிருக்கும், நூறு ரூபாய் வேலை. அரை வோல்ட், ஒரு வோல்ட்ல நின்னா ஃபீல்டு காயில், அதாவது உருளைக்குள்ள அசையாம இருந்து காந்தம் உண்டாக்குற சுருள். நாலு, அஞ்சு, ஆறு வோல்ட்ல நின்னுட்டு ஏறமாட்டேன்னா ஆர்மேச்சர், அதாவது உள்ள சுத்துற சுருள். முள்ளு சரியா ஏறுச்சுன்னா டைனமோல குத்தமே இல்ல, ரெகுலேட்டர்லயோ வயர்லயோதான் வியாதி. நல்ல டைனமோவைக் கழட்டி காயலாங்கடைக்குப் போட்டவங்களை நிறைய பாத்திருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும்.

ஆமா, ஹெட்லைட்ல என்ன பல்பு போட்டிருக்கீங்க?

கோவை மைனர்:

அண்ணாச்சி ரொம்ப நன்றிங்க. காலையில மீட்டர் வெச்சுப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே டி, எஃப் சேர்த்து. அஞ்சு வோல்ட்டுக்கு மேல ஏறவே இல்ல, எவ்வளவு ரேஸ் குடுத்தாலும் அங்கேயே நடுங்கிட்டு நிக்குது. ஹெட்லைட்ல 100/90 ஹாலஜன் போட்டிருக்கேன், பழசு மினுக்கு மினுக்குன்னு எரிஞ்சதால மாத்தினது.

ஆர்மேச்சர் அண்ணாச்சி:

அதான் தம்பி. ரெண்டு ஹெட்லைட்டுக்கு 200 வாட், 12 வோல்ட்ல 16, 17 ஆம்ப் அதுக்கே போயிருச்சு. இக்னிஷன் காயிலுக்கு ஒரு 3, சைடு லைட்டும் டெயில் லைட்டும் சேர்ந்து 2, ஆக 21, 22 ஆம்ப். டைனமோ மொத்தமே 19தான் கொடுக்கும். நைட்டு ஓட்டுறப்ப எல்லாம் அது மூச்சுமுட்டி ஓடியிருக்கு, மிச்சத்தை பேட்டரி கொடுத்திருக்கு, பேட்டரி இறங்கினதும் அதை நிரப்பவும் டைனமோதான் இழுபட்டிருக்கு. இந்த வண்டிக்கு கம்பெனி கொடுத்தது 42 வாட் பல்பு, ரெண்டும் சேர்ந்து 7 ஆம்ப்தான்.

கழட்டிப் பாருங்க. ரெண்டு நீள போல்ட்தான், பின் மூடியைத் தூக்கினா பிரஷ் தெரியும், ஆர்மேச்சரை உருவி எடுத்துட்டு உருளையோட உள் பக்கத்தை டார்ச் அடிச்சுப் பாருங்க. ஈயம் சின்னச் சின்ன மணி மாதிரி தெறிச்சு ஒட்டியிருந்தா ஆர்மேச்சர் சூடாகி கம்யூட்டேட்டர்ல, அதாவது பிரஷ் உரசுற செம்புத் தகடு வளையத்துல, பத்தவெச்ச ஈயம் உருகி வெளிய பறந்திருக்குன்னு அர்த்தம். அப்படித்தான் இருக்கும்னு நினைக்கேன்.

மலைக்கோட்டை ஃபோர்டு:

அண்ணாச்சி சொன்ன நம்பர் விஷயம் ரொம்ப முக்கியம் சார், நான் அதைக் கவனிக்காம பட்ட பாட்டை இங்க சொல்லிடறேன், அடுத்தவங்களுக்கு உதவும். எங்கிட்ட 1951 ஃபோர்டு, 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த். டைனமோ போனப்ப அதே காலத்து செவர்லே ஒண்ணுல இருந்து டெல்கோ ரெமி கம்பெனி டைனமோ கிடைச்சுது, அதுவும் 6 வோல்ட்தான், செவர்லே 1955லதான் 12க்கு மாறினாங்க, ஃபோர்டு 1956ல. வோல்ட்டேஜ் ஒண்ணுதானேன்னு பிராக்கெட்டை லேத்துல செஞ்சு மாட்டி, ரெகுலேட்டர் மட்டும் ஃபோர்டோடதையே வெச்சாச்சு. சார்ஜே ஏறல.

ஏன்னா ரெண்டோட வயரிங்கும் தலைகீழ். ஃபோர்டுல ஃபீல்டு காயிலோட ஒரு முனை டைனமோவுக்குள்ளேயே எர்த் ஆகியிருக்கும், ரெகுலேட்டர் அடுத்த முனைக்கு கரண்டு அனுப்பும், லூகாஸும் இந்த வகைதான். டெல்கோல ஃபீல்டோட ஒரு முனை உள்ளேயே லைவ் பிரஷ்ஷோட சேர்ந்திருக்கும், அடுத்த முனையை ரெகுலேட்டர் எர்த் பண்ணணும். ஃபோர்டு ரெகுலேட்டரை டெல்கோவுக்குக் குடுத்தா ஃபீல்டோட ரெண்டு முனையிலயும் ஒரே வோல்ட்டேஜ், கரண்டு எப்படிப் போகும்? வேலை பாத்தவர் எஃப் டெர்மினலை எர்த்துல தொட்டுப் பாத்தாரு, சட்டுனு சார்ஜ் ஏறுச்சு, சரியாயிருச்சுன்னு அப்படியே எர்த் பண்ணி விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் கட்டுப்பாடுங்கறதே இல்ல, ரெகுலேட்டர் பாயிண்ட் ஒட்டிக்கிச்சு, திருச்சியில இருந்து தஞ்சாவூர் போறதுக்குள்ள பேட்டரி கொதிச்சு ஆசிட் வழிஞ்சு பேட்டரி தட்டுக்குக் கீழ இருந்த பெயிண்ட் எல்லாம் உரிஞ்சு போச்சு, 70 வருஷத்து ஒரிஜினல் பெயிண்ட் சார் அது. லூகாஸுக்கு லூகாஸ்னு மாத்தறப்ப இந்தத் தலைவலி கிடையாது. கம்பெனி மாறிச்சுன்னா மட்டும் ஃபீல்டு எங்க எர்த் ஆகுதுன்னு பாக்காம கை வைக்காதீங்க.

யாழ் ஏ40:

வணக்கம், யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். உங்கட கதையை வாசிக்க எங்கட அப்பாவின்ரை ஞாபகம்தான் வந்தது, அவர் ஒஸ்ரின் ஏ40 சொமர்செற்றும் பிறகு ஏ55 கேம்பிரிட்ஜும் வைச்சு ஹயர் ஓடினவர். அம்பாசிடர் டைனமோ ஏ55க்கு அப்பிடியே இருக்கும், ஏனெண்டால் ரெண்டும் ஒரே 1489 சிசி பி சீரீஸ் எஞ்சின், போல்ட் ஓட்டையிலை இருந்து எல்லாம் ஒண்டுதான். உங்கட மைனர் ஏ சீரீஸ் எண்ட வேறை சின்ன எஞ்சின், அதுதான் கொஞ்சம் பாக்க வேணும் எண்டு நினைக்கிறன்.

போலாரிட்டியை நினைச்சு நீங்கள் பயப்பிடத் தேவையில்லை. டைனமோவுக்கு பிளஸ் மைனஸ் எண்டு பிறப்பிலை ஒண்டும் இல்லை, உள்ளை இருக்கிற இரும்பிலை மிச்சம் நிக்கிற காந்தம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கரண்ட் வரும், அந்தக் காந்தத்தைத் திருப்பி விட்டால் சரி. தொண்ணூறுகளிலை எங்கடை பக்கம் பொருளாதாரத் தடை இருந்த காலத்திலை பெற்றோலும் இல்லை, பற்றரியும் தடைசெய்த சாமான். ஏ40 எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது, ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெற்றோல் காபுரேற்றருக்குள்ளை விடுறது, பிறகு மண்ணெண்ணெய். அப்பா ஒரு சின்ன மோட்டச்சைக்கிள் பற்றரியை வைச்சு ஹாண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் எடுப்பார், ஸ்டார்ட் வந்திட்டால் டைனமோ தன்ரை காந்தத்திலையே எழும்பி காரை ஓட்டும், இண்டைக்கு வாற ஆல்டர்னேற்றர் அப்பிடிச் செத்த பற்றரியோடை எழும்பாது. அந்த டைனமோவை அப்பா பிள்ளை மாதிரிப் பாத்தவர், மாசத்துக்கு ஒருக்கா கழட்டி பிரஷ் தூள் எல்லாம் சின்னப் பிரஷாலை தட்டித் துடைச்சு வைப்பார். அதாலை உங்கட பழைய சி39ஐயும் எறியாதேங்கோ.

ஆர்மேச்சர் அண்ணாச்சி:

யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. வாசிச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டேன், உங்க அப்பாவுக்கு என் கும்பிடு.

கோவைத் தம்பி, போலாரிட்டி திருப்புறது இப்படி. டைனமோவை மாட்டி பெல்ட் போட்டுக்கோங்க, ஆனா எஃப் கம்பியை மாட்டாதீங்க, அது ரெகுலேட்டர்ல இருந்து தனியா தொங்கட்டும். பேட்டரியோட லைவ் முனையில இருந்து ஒரு கம்பி எடுங்க, உங்க வண்டி பாசிட்டிவ் எர்த்ங்கிறதால லைவ் முனை நெகட்டிவ், மறந்துராதீங்க. அந்தக் கம்பியை டைனமோவோட சின்ன டெர்மினல், அதான் எஃப், அதுல ரெண்டு மூணு செகண்ட் தொட்டு எடுங்க. எடுக்கிறப்ப சின்னதா பொறி வரும், வரணும், வரலைன்னா ஃபீல்டு காயில் அறுந்திருக்கு. இதைச் செய்யாம மாட்டுனீங்கன்னா டைனமோ தலைகீழா சார்ஜ் கொடுக்கும், ரெகுலேட்டர்ல டைனமோவை பேட்டரியோட சேர்த்துப் பிரிக்கிற கட்-அவுட் பாயிண்ட் பட்டுனு ஒட்டிக்கும், வயர் புகையும். டியும் எஃபும் மாறிரக் கூடாது, பெரிய டெர்மினல் டி, சின்னது எஃப். உங்க பழைய கம்பி முனை திருகுக்கு ஏத்த வளையமா இருக்கும், வெட்டிட்டு தட்டை லக் வெச்சு ஈயம் பத்தவைங்க, சும்மா நசுக்கி விடாதீங்க, டி கம்பியில 20 ஆம்ப் ஓடுது.

அடுத்து மாட்டுற காது விஷயம், அதாவது டைனமோ மூடியில போல்ட் நுழையுற ஓட்டை இருக்கிற நீட்டம். ஏ சீரீஸ்ல முன் காது வாட்டர் பம்ப் மேலயும் பின் காது பிளாக்ல இருக்கிற பிராக்கெட்லயும் உக்காரும். ரெண்டு காதுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தை ஸ்கேல் வெச்சு அளங்க, ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்னா வாஷர் கொடுத்து சரிபண்ணலாம், ஆனா போல்ட்டை இறுக்கி இழுத்து உக்கார வைக்காதீங்க, காது அலுமினியம், ஒரு மாசத்துல அதிர்வுல ஒடைஞ்சு கையில வந்துரும். ரொம்ப வித்தியாசம்னா வேற சி40ல இருந்து ரெண்டு பக்க மூடியை மாத்தலாம், சி39 மூடி சி40 உருளைக்கு உக்காராது, விட்டம் வேற.

புல்லி உங்க மைனரோடதையே போடுங்க, அதுதான் பெல்ட்டோட நேர்கோட்டுல வரும். ஒரு நேரான பட்டையை கிராங்க் புல்லியில இருந்து டைனமோ புல்லிக்கு வெச்சுப் பாத்தா கோணல் தெரிஞ்சுரும். புல்லிக்குப் பின்னாடி ஒரு காத்தாடித் தகடு இருக்கும், அதை விட்டுராதீங்க, டைனமோவுக்குள்ள காத்தை இழுத்துக் குளிர வைக்கிறது அதுதான். தண்டுல இருக்கிற அரைவட்டச் சாவியும் பத்திரம். பெல்ட்டை கையால அமுக்கினா அரை இன்ச் ஆடணும், அதுக்கு மேல இறுக்கினா தண்டோட பின் முனையைத் தாங்குற புஷ் காலி.

பழைய டைனமோ வாங்கியிருக்கீங்க, அதனால மாட்டுறதுக்கு முன்னாடி பின் புஷ் ஆடுதான்னு பாருங்க. ஆடினா புதுசு போடுங்க, அந்த வெண்கலப் புஷ்ஷை 24 மணி நேரம் இன்ஜின் ஆயில்ல ஊறவெச்சுத்தான் அடிக்கணும், காஞ்ச புஷ் ஆயிரம் கிலோமீட்டர் கூட தாங்காது. கம்யூட்டேட்டர்ல தகடுக்கு நடுவுல இருக்கிற மைக்கா மட்டத்துக்கு வந்திருந்தா ஹேக்ஸா பிளேடை கிரைண்டர்ல தேச்சு மெலிசாக்கி ஒவ்வொரு கோடா 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறி எடுங்க, இல்லாட்டி பிரஷ் குதிக்கும்.

பல்பு இன்னைக்கே மாத்துங்க. 45/40 போடுங்க, ரிஃப்ளெக்டருக்கு வெள்ளி முலாம் புதுசா போட்டா அதுலயே நல்ல வெளிச்சம் வரும். 22 ஆம்ப் டைனமோ வந்துருச்சேன்னு 100 வாட்டை விட்டு வெச்சா இதோட ஆர்மேச்சரும் அதே வழியிலதான் போகும்.

கோவை மைனர்:

அப்டேட் போடாம இருந்ததுக்கு மன்னிச்சிருங்க, பத்து நாளா இதே வேலைதான்.

பழசைப் பிரிச்சேன். டார்ச் அடிச்சதும் தெரிஞ்சுது அண்ணாச்சி, உருளை உள் பக்கம் சுத்தி ஒரு வரிசையா ஈய மணி, கடுகு சைஸுல, நகத்தால கீறினா உதிருது. ஆர்மேச்சர் கம்பியோட துணி கருகி ஒரு மாதிரி வார்னிஷ் வாடை. இத்தனை வருஷமா நல்லா ஓடிட்டிருந்ததை நான் பல்பு மாத்தி ஒரே வருஷத்துல இப்படிப் பண்ணிட்டேனேன்னு நினைச்சா தூக்கம் வரல.

சி40 எல் இல்ல, சாதாரணந்தான். பின் புஷ் லேசா ஆடுச்சு, புதுசு ஊறவெச்சு அடிச்சாச்சு. காது தூரம் ஒன்றரை மில்லிமீட்டர் அதிகம், வாஷர் போட்டு சரியாயிருச்சு. புல்லி என்னோடதே. எஃப்ல தொட்டப்ப பொறி வந்துது, நெஞ்சு பக்குனு ஆச்சு ஆனா வந்துருச்சுன்னு சந்தோஷம். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணி கொஞ்சம் ரேஸ் குடுத்ததும் சிவப்பு லைட் மங்கி அப்படியே அணைஞ்சுது, அம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தாங்க, தாத்தா இருந்தா இந்நேரம் ஹாரன் அடிச்சிருப்பாருன்னு சொன்னாங்க.

45/40 பல்பு போட்டு நைட்டு பொள்ளாச்சி வரைக்கும் போயிட்டு வந்தேன், லைட் ஒரே சீரா எரியுது. ஐடில்ல மட்டும் சிவப்பு லைட் லேசா மினுக்குது, அது ஏதாவது பிரச்சினையா? அப்புறம் ரெகுலேட்டரை யாரும் தொடலைன்னு நினைக்கிறேன், அதை செக் பண்ணணுமா?

ஆர்மேச்சர் அண்ணாச்சி:

ஐடில்ல மினுக்குறது டைனமோவோட சுபாவம், அந்த வேகத்துல அதால கொடுக்க முடியாது, ரேஸ் குடுத்ததும் அணையுதுன்னா சரியாத்தான் இருக்கு. சிக்னல்ல நிக்கிறப்ப ஹெட்லைட்டை சைடு லைட்டுக்கு எறக்கி வெச்சுக்கோங்க, பேட்டரிக்கு நல்லது.

ரெகுலேட்டரை செக் பண்ணுங்க, ஆனா திருகை இப்பவே திருப்பாதீங்க. கட்-அவுட் பாயிண்ட்டுக்கு நடுவுல ஒரு மெல்லிசான அட்டைத் துண்டை சொருகிட்டு, மீட்டரை டிக்கும் எர்த்துக்கும் வெச்சு ரேஸ் ஏத்துனா 16 வோல்ட்டை ஒட்டி வந்து நிக்கணும். சட்டுபுட்டுனு முடிங்க, அரை நிமிஷத்துக்கு மேல ஓட விட்டா காயில் சூடாகி அளவு மாறிரும். கட்-அவுட் சேர்றது 12.7ல இருந்து 13.3 வோல்ட்டுக்குள்ள இருக்கணும். இந்த ரெண்டும் சரின்னா மூடியைப் போட்டு மறந்துருங்க.

பழைய சி39 உருளையும் ஃபீல்டு காயிலும் நல்லா இருக்கும்னுதான் தோணுது. 1961ல சென்னை பாடியில லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இங்கிலாந்துல இருந்து வந்த சரக்கு அது. ஆர்மேச்சர் கம்பியை மட்டும் புதுசா சுத்திட்டா திரும்ப எழும்பிரும். புல்லி இல்லாம, தண்டு வளையாத மாதிரி ரெண்டு பக்கமும் கட்டை வெச்சு சாக்குல சுத்தி பார்சல் சர்வீஸ்ல போடுங்க, நான் சுத்தித் தாரேன். கம்பிக் காசு மட்டும் கொடுத்தாப் போதும்.